இருபது மில்லி குறைவு

12.2.2024, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி நாற்பது நாளாக மேசையில் சும்மா கிடந்தது. இன்று அதைத் திறக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

பழைய ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஞானதுரை ஓர் அழைப்பிதழ் போட்டிருக்கிறான். பேராசிரியர் ஆவுடைநாயகத்துக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறதாம். மார்ச் 23, சனிக்கிழமை, பல்கலைக்கழக அரங்கில் பவள விழா. மலர் வெளியீடு, பொன்னாடை, மதிய உணவு. அழைப்பிதழுக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகு விரலைக் கழுவலாமா என்றிருந்தது.

இந்த மனிதர்தான் 2001 செப்டம்பர் 17, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் ஆய்வு வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்தார். பதின்மூன்று புள்ளிகளும் ஸ்கேலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. "இது பியூரெட் எழுதினது இல்ல. ஸ்கேல் எழுதினது" என்றார். அளக்காமல் எழுதிய அளவுகள் என்று அர்த்தம். நோட்டை மூடி என் கையில் கொடுத்து, வேறு கைடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் துரத்திய பெண்ணை அந்த வட்டாரத்தில் யார் எடுப்பார்கள்? யாரும் எடுக்கவில்லை. பத்தொன்பது வருடமாகப் பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பெயர்ப்பலகையில் வெறும் சகாயசெல்வி. முனைவர் கிடையாது.

முதல் வகை வினை என்று ஒரு பாடம் உண்டு. எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில்தான் பொருள் கரையும். பாதி கரைய ஒரு நேரம். மிச்சத்தில் பாதி கரையவும் அதே நேரம். அந்த வேகத்தைச் சொல்லும் எண்தான் வினைவேக மாறிலி. என் கோபம் அந்த வகையில் சேராது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு துளிகூடக் கரையவில்லை.

14.2.2024, புதன்

சாம்பல் புதன். தவக்காலத்துக்கு எதை விடப்போகிறாய் என்று என் வீட்டுக்காரர் இன்னாசி கேட்டார். கறியை என்றேன். வேறு எதையும் விடுவதாக இல்லை.

17.2.2024, சனி

ஞானதுரை மலரில் வரப்போகும் பக்கங்களை அனுப்பியிருக்கிறான். பேராசிரியரின் "புகழ்பெற்ற" கட்டுரையும் அதில் இருக்கிறது. 2003-இல் வந்தது. இத்தனை வருடம் அதைப் படிக்க என் மனம் ஒப்பவில்லை. இன்று துணி ஊறவைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன்.

என் சேர்மம்தான். என் கையால் நான்கு மாதம் பாடுபட்டுத் தயாரித்த குளோரைடு. நீர் கலந்த அசிட்டோனில், 35.0 டிகிரியில், அது சிதைந்து அமிலம் விடும் வேகம். வேக மாறிலி நிமிடத்துக்கு 0.00433. நான் கண்டுபிடித்த அதே எண். மூன்றாம் இலக்கம்வரை அதே எண். அப்படியானால் என் கணக்கு சரியென்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் அவர் வரைபடத்தில் கோடு கடைசிவரை நேராகப் போகவில்லை. ஒன்பதாவது புள்ளிக்குப் பிறகு வளைகிறது. வெளியே வந்த குளோரைடு அயனி திரும்பிப்போய்ச் சிதைவைத் தடுக்கிறது, அதனால் கடைசியில் வேகம் தளர்கிறது என்று விளக்கம். அந்த வளைவுக்காகத்தான் நாலு நாட்டில் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

என் கோடு நேர்க்கோடு. அவர் கோடு வளைகோடு. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இருக்கட்டும். நானே மறுபடி செய்து பார்க்கிறேன். விழா மேடையில் மூன்று நிமிடம் கேட்பேன். பொன்னாடை போர்த்திய தோளோடு உட்கார்ந்து அவர் கேட்கட்டும்.

20.2.2024, செவ்வாய்

பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். கூடவே என் தெர்மாமீட்டரும் இருந்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது பாளையங்கோட்டைக் கடையில் வாங்கியது. ஆய்வகத்தின் நல்ல தெர்மாமீட்டரை அவர் தன் மேசை டிராயரில், வெல்வெட் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அதனால் கரைசலை ஒரே சூட்டில் வைக்கும் என் நீர்த்தொட்டியில் என்னுடையதையே போட்டுக்கொண்டேன். வெளியேறிய அன்று கையோடு எடுத்து வந்தேன்.

நோட்டில் 14.9.2001, வெள்ளி. காலை 9.30 தொடக்கம். நாற்பது நிமிடத்துக்கு ஓர் அளவு, மொத்தம் பதின்மூன்று. கடைசி அளவு மாலை 6.10. மறுநாள் காலை, வினை முழுதும் முடிந்த பிறகு எடுக்கும் முடிவு அளவு. அதன் ஓரத்தில் பென்சிலில், "கரைசல் 20 மி.லி. குறைவு. மூடி தளர்வு? அசிட்டோன் ஆவி?" என்று எழுதியிருக்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூடக் குறித்துவைத்தவளைத்தான் அந்த ஆள் பொய்க்காரி என்றார்.

இன்று மூன்றாம் ஆண்டு இசக்கிப்பிரியாவின் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கோட்டை முதலில் போட்டுவிட்டு, அதிலிருந்து அளவுகளைப் பின்னோக்கி எழுதியிருக்கிறாள். எனக்கு இது வாசனையிலேயே தெரியும். மாணவிகள் என்னை மோப்ப நாய் என்று சொல்வதும் எனக்குத் தெரியும். ஒயிட்னர் வேறு தடவியிருக்கிறாள். தப்பான அளவை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். கோட்டுக்கு அடியில் தப்பும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இது என் ஆய்வகச் சட்டம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

அந்தப் பெண் அழுதாள். செய்முறைத் தேர்வுக்கு முன் முழுதும் மறுபடி செய் என்றேன்.

24.2.2024, சனி

சேர்மம் நேற்று தயாராகிவிட்டது. கை மறக்கவில்லை.

கல்லூரி விடுமுறை. ஆய்வக உதவியாளர் மாடத்தி அக்காவைச் சாவியோடு வரச் சொல்லியிருந்தேன். தொட்டியில் கல்லூரியின் சான்றிதழ் பெற்ற தெர்மாமீட்டரைப் போட்டேன். அவர் குறைசொல்ல ஓட்டை வைக்கக் கூடாது. 9.30-க்கு ஆரம்பித்தேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து மில்லி பிப்பெட்டில் எடுப்பது, குளிர்ந்த அசிட்டோனில் விட்டு வினையை நிறுத்துவது, பியூரெட்டில் காரம் விட்டு இளஞ்சிவப்பு வரும்வரை பார்ப்பது. இடையில் பிளஸ் டூ விடைத்தாள்போலக் குவிந்திருந்த உள்மதிப்பீட்டுத் தாள்களைத் திருத்தினேன். மதியம் தயிர்சாதம்.

மூன்றரைக்கு ஒன்பதாவது அளவு. அதற்குப் பிறகுதான் கால் வலித்தது. மாடத்தி அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாலு மணிக்கு மேல நீங்க இங்க நின்னு நான் பாத்ததே இல்லையே மேடம்" என்றார். மேற்கு ஜன்னல் வெயில் நேராகப் பியூரெட்டில் விழுந்து அளவைப் படிக்கவிடவில்லை. அட்டையை மறைத்துப் பிடித்துக்கொண்டேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் சாயங்கால வெயில் எந்தப் பக்கமாக வரும் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

6.10-க்கு முடித்தேன்.

25.2.2024, ஞாயிறு

பூசைக்குப் போகும் வழியில் கல்லூரியில் இறங்கி முடிவு அளவு எடுத்தேன். வீட்டுக்கு வந்து வரைந்தேன்.

வளைகிறது.

27.2.2024, செவ்வாய்

அசிட்டோன் பழசு. அதுதான் காரணம். புதுப் பாட்டிலுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஞானதுரை போன் செய்தான். மூன்று நிமிடம் பேச இடம் தருகிறானாம். நீ பேசினால் சாருக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும் என்றான். எனக்கும் என்றேன்.

2.3.2024, சனி

புது அசிட்டோன். புது மூடி. நேற்று லீவு போட்டு மறுபடி 9.30 முதல் 6.10 வரை. இன்று காலை முடிவு அளவு.

மறுபடி வளைகிறது. அதே இடத்தில், பத்தாவது புள்ளியிலிருந்து. வேக மாறிலி இரண்டு முறையும் 0.00462. என்னுடைய 0.00433 இல்லை. அவருடைய 0.00433-உம் இல்லை. பாதி கரைய 150 நிமிடம், அன்று 160. அவர் வளைவு சரி, எண் தப்பு. என் கோடு

எழுத வேண்டாம். தூக்கம் வருகிறது.

3.3.2024, ஞாயிறு

இன்னாசி மின்வாரிய அலுவலகத்தில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கையைப் பார்த்து ஏதாவது சொல்வார். மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று மோந்து பார்த்தார்.

"உன்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இதே வாடைதான்" என்றார். "நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாடை. இந்தப் பிள்ளைக்கு நகப்பூச்சுலாம் உண்டு போலன்னு எங்க அம்மா காதுல சொன்னேன்."

நகப்பூச்சு அழிக்கும் மருந்து அசிட்டோன்தான், அது தினமும் என் கையில் இருந்தது என்றேன். அவர் விடவில்லை. எங்கள் வீட்டில் யாருமே தன்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சிரித்தார். "அமெரிக்கால கட்டடம் இடிஞ்ச வாரம்லா. வெள்ளிக்கிழம. அஞ்சு மணிக்கு நீ காபி கொண்டாந்த. எங்க மாமா டிவியப் பாத்துக்கிட்டே ரெண்டு தம்ளர எடுத்தாவ."

அது அடுத்த வாரம் என்றேன். அவர் இல்லை என்றார். மனிதருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. மீன் கருகிவிட்டது.

5.3.2024, செவ்வாய்

எண் ஏன் வேறுபடுகிறது என்று மூன்று நாளாகக் குடைச்சல். இன்று இடைவேளையில் என் பழைய தெர்மாமீட்டரையும் கல்லூரியுடையதையும் ஒரே தொட்டியில் இறக்கினேன். கல்லூரியுடையது 34.4 காட்டியது. என்னுடையது 35.0.

அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். ஆனால் வேகத்தை நூற்றுக்கு ஆறு குறைத்துக் காட்ட அது போதும். கணக்குப் போட்டேன். 34.4 டிகிரியில் வேகம் 0.00433 வர வேண்டும்.

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என் தெர்மாமீட்டர் பொய் சொன்னதால் வந்த எண் அது. உலகத்தில் அந்தத் தெர்மாமீட்டர் ஒன்றே ஒன்று. அது என் பீரோவில் இருந்தது. வெல்வெட் பெட்டித் தெர்மாமீட்டரை வைத்து அவர் செய்திருந்தால் 0.00462 வந்திருக்கும். வரவில்லை. அவர் செய்யவே இல்லை. என் நோட்டில் இருந்ததைத்தான் அச்சில் ஏற்றியிருக்கிறார்.

திருடன். இத்தனை வருடம் அவரை வாய் கெட்ட ஆள் என்று மட்டும் நினைத்திருந்தேன். திருடன் என்று தெரிந்ததும் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இன்று மாணவிகளிடம் நான் சிரித்துப் பேசியதாக மாடத்தி அக்கா சொன்னார்.

9.3.2024, சனி

என் தெர்மாமீட்டரையே தொட்டியில் போட்டு, அது 35.0 காட்டும்படி வைத்து மூன்றாம் முறை செய்தேன்.

10.3.2024, ஞாயிறு

காலையில் முடிவு அளவு. வேக மாறிலி 0.00433.

டிரேசிங் தாளில் வரைந்து, அவருடைய அச்சு வரைபடத்தின் அளவுக்குச் சுருக்கி, மேலே வைத்துப் பார்த்தேன். முதல் ஒன்பது புள்ளிகளும் பொருந்தின. எதிர்பார்த்ததுதான். என் ஒன்பதுதானே.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றும் பொருந்தின. வளைவோடு.

அது பொருந்தியிருக்கக் கூடாது. பிறகு ஒருநாள் அவர் தன் நல்ல தெர்மாமீட்டரை வைத்து அந்த நாலை எடுத்திருந்தால், அவை விலகி வேறிடத்தில் விழுந்திருக்கும். ஒட்டுப்போட்ட இடம் தெரிந்திருக்கும். தெரியவில்லை. அந்த நாலும் என் தொட்டியில், என் தெர்மாமீட்டரில், அதே சூட்டில் எடுத்தவை.

நோட்டைத் திறந்து பென்சில் குறிப்பைப் பார்த்தேன். கரைசல் 20 மி.லி. குறைவு.

குடுவையில் நூறு மில்லி. ஓர் அளவுக்கு ஐந்து மில்லி. பதின்மூன்று அளவு எடுத்திருந்தால் மறுநாள் கரைசல் குறையவே இல்லை, சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்பதோடு எழுந்து போனவளுக்குத்தான் இருபது மில்லி குறைவாகத் தெரியும். நாலு ஐந்து இருபது.

சரி. எழுதிவிடுகிறேன். இன்னாசிக்கு ஞாபகம் தப்பவில்லை. அது அந்த வெள்ளிக்கிழமைதான். மூன்றரை அளவை எடுத்துவிட்டு, மூன்றே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன். ஐந்து மணிக்குக் காபித் தட்டோடு நின்றேன். சனிக்கிழமை முடிவு அளவு எடுத்ததும், ஒன்பது புள்ளியில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து மிச்ச நாலையும் இறக்கி எழுதினேன். எல்லோரும் செய்வதுதானே, நேர்க்கோடு எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்தேன். பென்சில் குறிப்பை அழிக்க மறந்துவிட்டேன். இல்லை, அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

நான் இல்லாத அந்த மாலையில் அவர் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறார். குடுவை தொட்டியில் கிடக்கிறது, பக்கத்தில் ஒன்பது அளவோடு நோட்டு, ஆள் இல்லை. நாலு பத்துக்கு என் பிப்பெட்டை எடுத்திருக்கிறார். ஆறு பத்துவரை நின்றிருக்கிறார். திங்கட்கிழமை நான் நோட்டை நீட்டியபோது உண்மையான நாலும் அவர் சட்டைப்பையில் இருந்திருக்கின்றன.

அதைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்து வைத்தார்.

12.3.2024, செவ்வாய்

இரண்டு நாளாக ஒரே சுற்று. ஒன்பதைத் திருடினார் என்று நிரூபிக்க என்னிடம் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான். நோட்டை நீட்டினால் நாலு பொய்யும் சேர்ந்து வெளியே வரும். பத்தொன்பது வருடமாகப் பெண்பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை போட்ட மோப்ப நாயின் பொய். அது கல்லூரிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு பொன்னாடையை நினைத்தேன்.

15.3.2024, வெள்ளி

சிலுவைப்பாதைக்கு முன் பாவசங்கீர்த்தனம். ஒருவர்மேல் பழிவாங்கும் எண்ணம் இருக்கிறது என்றேன். எவ்வளவு நாளாக என்று ஃபாதர் கேட்டார். இருபத்திரண்டு வருடம் என்றேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றேன்.

18.3.2024, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தை அறுபது பிரதி எடுத்தேன். ஒன்பதாவது வரிக்குக் கீழே வெள்ளைத்தாளை வைத்து மறைத்துக்கொண்டேன். கீழே பாதி வெறுமையாக வருதே அக்கா என்று கடைக்காரர் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

கீழே என்ன இருந்தது என்று கேட்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் கேட்டால், என் நோட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். கேட்கமாட்டார். வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

22.3.2024, வெள்ளி

நீலப் பட்டுச் சேலைக்கு இஸ்திரி போட்டாயிற்று. தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். நோட்டையும் வைத்தேன். அது எதற்கு என்று தெரியவில்லை.

23.3.2024, சனி

வந்து சேலைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

அரங்கில் இருநூறு பேர் இருப்பார்கள். அவர் முன்வரிசை சோபாவில். இளைத்துவிட்டார். காது மட்டும் கூர்மையாக இருக்கிறது, யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்டார். பேசினவர்கள் எல்லோரும் அவர் கண்டிப்பைப் புகழ்ந்தார்கள். ஒரு புள்ளி பிசகினாலும் விடமாட்டார் என்று ஒருவர் சொன்னபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் முறை ஆறாவது. ஜெராக்ஸை முன்வரிசைகளில் கொடுக்கச் சொல்லிவிட்டு மேடையேறினேன். தெர்மாமீட்டரைக் கையில் தூக்கிக் காட்டினேன். இது அரை டிகிரி தப்பு, இது என்னைத் தவிர யாரிடமும் இருந்ததில்லை, சாரின் கட்டுரையில் இருக்கும் எண் இந்தத் தப்பிலிருந்து மட்டும்தான் பிறக்கும், முதல் ஒன்பது புள்ளிகள் 2001 செப்டம்பர் 14-இல் நான் எடுத்தவை, என் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு.

அரங்கம் சலசலத்தது. ஞானதுரை மைக்கை நோக்கி எழுந்தான். பேராசிரியர் கையை உயர்த்தி அவனை உட்காரவைத்தார். ஜெராக்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"செல்வி, பக்கம் பாதியில நிக்குதே" என்றார். "கீழ நாலு வரி உண்டே."

கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டார். கேட்டதிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தார். அது அவருக்கும் தெரிந்திருக்கும். இல்லை சார், அவ்வளவுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்கேலை வைத்த அன்று இருந்த அதே முகம். இவர் முன்னால் இன்னொரு முறை பொய்க்காரியாக நிற்க எனக்கு மனமில்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"உண்டு சார். அந்த நாலும் பொய். நான் எடுக்கல, எழுதினேன். மூணே முக்கா பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

"தெரியும். அத நான் எடுத்தேன்." எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். "திங்கக்கிழம நீ அந்த நாலு இடத்தையும் வெறுமன விட்டுக் கொண்டாந்திருந்தா, அந்தக் கட்டுரைல உன் பேருதான் மொதல்ல வந்திருக்கும்."

இதற்கு நான் தயாராக இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன். நாலு வரி. நாலு வெற்றிடம். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம் என்பதுதான் இன்னும் எரிகிறது.

ஆனால் நான் இறங்கவில்லை.

"நாலுக்கு என்னை வெளிய அனுப்பினீங்க. அது சரி சார், ஒத்துக்கிறேன்" என்றேன். "ஒம்பதுக்கு என் பேர எங்க போட்டீங்க?"

தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்காததுபோல் இருக்க முடியவில்லை, அவ்வளவு அமைதி. பொன்னாடையின் நுனியைப் பிடித்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று ஞானதுரை மணி அடித்தான்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். வாசலில் இன்னாசி ஸ்கூட்டரோடு நின்றார். யாரோ அதற்குள் போனில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னால உன் டாக்டர் பட்டம் போச்சாட்டி?" என்று கேட்டார். உங்களால் இல்லை, பஸ்ஸால் என்றேன்.

25.3.2024, திங்கள்

கல்லூரிக்கு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. முதல்வர் மதியம் அழைத்தார். செய்முறைத் தேர்வுப் பொறுப்பை இந்த வருடம் வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று என்னையே கேட்டார். கொடுங்கள் என்றேன். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. வலித்தது.

இசக்கிப்பிரியா மறுபடி செய்த நோட்டைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு அளவுகளில் பதினொன்றாவது வரி வெறுமையாக இருந்தது. "எடுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் போனேன்" என்று எழுதியிருந்தாள். துணிச்சலா, கிண்டலா தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன், அவள் கீழே பார்த்தாள். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து 2001 நோட்டைத் திறந்தேன். பத்திலிருந்து பதின்மூன்றுவரை என் நாலு பொய்யையும் ஒவ்வொன்றாக ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் கையெழுத்து, இன்றைய தேதி. கோட்டுக்கு அடியில் எண்கள் நன்றாகவே படிக்கின்றன.

பிறகு அவருடைய வரைபடத்திலிருந்து உண்மையான நாலையும் ஸ்கேல் வைத்து அளந்து, அடித்த வரிகளுக்கு எதிரே மையில் எழுதினேன். கீழே, "எடுத்தவர்: பேராசிரியர் ஆ. ஆவுடைநாயகம். 14.9.2001, மாலை 4.10 முதல் 6.10 வரை."

அவர் எனக்குச் செய்யாததை நான் அவருக்குச் செய்தேன். நல்ல மனதோடு செய்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதைவிட வலிக்கும் அடி என் கைக்குத் தெரியவில்லை.

பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. படம் மட்டும்.

ஐந்து மணிக்கு அனுப்பினேன். ஐந்து ஐந்துக்கு இரண்டு நீல டிக் விழுந்தது. "டைப் செய்கிறார்" என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஆறு பத்துவரை போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அதுவும் நின்றுவிட்டது. இரவுக்கு இட்லி மாவு இல்லை. கடைக்குப் போக வேண்டும்.